என்ரை வாசலிலை மணல் போட்டது ஆர்?

வாரும் பிள்ளை, வாரும். கதவைச் சாத்தும். குளிருக்காகச் சொல்லேல்லை, பக்கத்து வீட்டுக்காரன் பாத்துக்கொண்டு நிப்பான். முதல்லை ஒண்டு சொல்லும். நீர் காரை விட்டு இறங்கேக்கை பக்கத்து வீட்டு யன்னல் சீலை அசைஞ்சதோ? கவனிக்கேல்லையோ? உம்மடை வேலைக்கு அதெல்லாம் கவனிக்க வேணும் கண்டீரோ.

இரும். உந்தக் கதிரையிலை வேண்டாம், அது என்ரை மனுசி ஞானேசின்ரை. இங்காலை இரும். தேத்தண்ணி போடுறன். நான் போடுற தேத்தண்ணி நல்லா இராது, நாப்பத்துநாலு வருசமா அவதான் போட்டுத் தந்தவ. இந்த மூண்டு கிழமையாத்தான் நான் கேத்திலிலை கை வைக்கிறன்.

அயலவர் சண்டையைத் தீர்த்து வைக்கிற கந்தோர் எண்டு வதனிதான் விலாசம் தந்தவள். என்ரை மகள். மூண்டு கடிதம் போட்டனான். ரெண்டுக்கு மறுமொழி இல்லை. மூண்டாவதுக்கு ஆள் வருகுது, அதுவும் தமிழ்ப் பிள்ளை வருகுது. ஏன் தமிழ்ப் பிள்ளை? தமிழிலை ரெண்டு வார்த்தை கதைச்சா கிழவன் இளகிடுவான் எண்டோ? கோவிக்காதேயும். நான் நேரா கேக்கிற ஆள். நீர் அவனிட்டை முதல் போனனீரோ, என்னட்டை முதல் வந்தனீரோ? அவனிட்டைப் போட்டுத்தான் வாறீரோ? ம். சரி. அப்ப அவன்ரை கதை ஏற்கெனவே உம்மடை காதுக்குள்ளை கிடக்கு. பரவாயில்லை. என்ரையையும் கேளும்.

எனக்கு வேண்டியது ஒரேயொரு கடுதாசி. பக்கத்து வீட்டு பொக்டான் இனி எங்கடை வாசல் பக்கம் கால் வைக்கமாட்டான், அவன்ரை மணலும் இஞ்சாலை வராது எண்டு அவன் கையெழுத்து வைச்ச கடுதாசி. அவ்வளவுதான். ஏனெண்டா ஞானேசை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியாலை விடுகினம். இடுப்பெலும்பு முறிஞ்சு, உள்ளுக்குக் கம்பி வைச்சு, இப்ப பிடிச்சுப் பிடிச்சு நடக்கிறா. வதனி சொல்லுறாள், வாசல் பாதுகாப்பெண்டு தெரியாமல் அம்மாவை இந்த வீட்டை விடமாட்டாளாம். தன்ரை அப்பார்ட்மென்டுக்குக் கொண்டு போறாளாம். அங்கை ஒரு ஆளுக்குத்தான் இடம். நான் ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலை மகனோடை போய் இருக்கட்டாம், குளிர் முடியுமட்டும். குளிர் எப்ப பிள்ளை முடியும் இந்த ஊரிலை? சித்திரை வருசத்துக்கும் இஞ்சை ஸ்னோ கொட்டுது. எழுபத்தொரு வயசிலை ஆளை ஒரு பக்கம், மனுசியை ஒரு பக்கம் பிரிச்சு வைச்சா, பிறகு திருப்பிச் சேக்கிறது ஆர்? எனக்குப் பயமா இருக்கு. வெளிப்படையாச் சொல்லுறன், பயமா இருக்கு.

எழுதும். நான் ஆர் எண்டதை முதல் எழுதும், ஏனெண்டா அவன் என்னை ஒண்டும் தெரியாத ஆள் எண்டு சொல்லியிருப்பான். ஆனையிறவு உப்பளத்திலை பதினெட்டு வருசம் ஓவர்சியர். தொண்ணூறிலை சண்டை வந்து எல்லாத்தையும் விட்டிட்டு வரும்வரைக்கும் என்ரை சீவியம் உப்போடைதான். பாத்தியிலை தண்ணியைப் பாத்து, இண்டைக்கு விளையும், நாளைக்கு விளையும் எண்டு கண்ணாலை சொல்லுவன். அருளம்பலத்தார் சொன்னா மற்ற ஓவர்சியர்மார் தண்ணியிலை உப்பு எவ்வளவு எண்டு காட்டுற மீட்டரைப் பாக்கமாட்டினம். உப்பைப் பற்றி எனக்கு ஆரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. எழுதினீரோ?

பிறகு ரொறன்ரோ. இருபது வருசம் ஸ்காபரோவிலை. அங்கை முதல் ஸ்னோ விழுந்த அண்டைக்கு என்ரை கண்ணாலை நான் கண்டது என்ன தெரியுமோ? பெரிய லொறி ஒண்டு உப்பை அள்ளி அள்ளி றோட்டிலை எறிஞ்சுகொண்டு போகுது! நாங்கள் ஒரு மூட்டை குறைஞ்சா ஒரு கிழமை விசாரணை வைச்ச சாமான். ஞானேசைக் கூப்பிட்டுக் காட்டினன். ‘இஞ்சாரும், என்ரை உப்பு இஞ்சையும் வந்திட்டுது’ எண்டன். அவ சிரிச்சவ. உப்புப் பட்ட இடம் அப்பிடியே கரைஞ்சு கறுப்பு றோட்டுத் தெரியும். சப்பாத்தெல்லாம் வெள்ளை வெள்ளையா உப்புக்கோடு. ஸ்னோ வாறதுக்கு முதலே உப்புத்தண்ணியை றோட்டிலை கோடு கோடா அடிச்சுவிடுகிற லொறியும் இருக்கு. அதைப் பாத்து நான் அசந்துபோனன். விசயம் தெரிஞ்ச ஆக்கள் எண்டு நினைச்சன்.

ரெண்டு வருசத்துக்கு முதல் வதனிக்கு இஞ்சை வின்னிப்பெக்கிலை வேலை மாறினது. தாயைப் பக்கத்திலை வைச்சிருக்க வேணும் எண்டு எங்களையும் கொண்டுவந்து இந்த வீட்டிலை விட்டாள். வந்து பாத்தா, றோட்டுக் கறுப்பாத் தெரியிறதே இல்லை பிள்ளை! கார்த்திகையிலை மூடினது பங்குனி மட்டும் வெள்ளைதான். மிசின் வந்து ஸ்னோவை வழிச்சு, மிச்சத்தை அமத்தி இறுக்கிவிட்டு, மேலை கொஞ்சம் மணலைத் தூவிட்டுப் போகுது. மணல்! உப்பு இல்லை, மணல். பெரிய றோட்டிலை மட்டும் சிலநாள் உப்புப் போடுகினமாம். அப்ப எங்கடை ஒழுங்கைக்கு ஏன் இல்லை? ஆர் குடியிருக்கினம் எண்டு பாத்துத்தானே? நான் ரெலிபோன் அடிச்சனான். ஒரு பொம்பிளைப் பிள்ளை எடுத்து மரியாதையாத்தான் கதைச்சவ. ‘சேர், இந்தக் குளிருக்கு உப்பு வேலை செய்யாது’ எண்டா. எனக்கு! எனக்குச் சொல்லுறா! ‘பிள்ளை, நீர் உப்பளம் கண்டனீரோ?’ எண்டு கேட்டன். அவவுக்கு விளங்கேல்லை.

இதைப் பற்றி நான் ஊருலகமெல்லாம் விசாரிச்சனான். சும்மா ஆளிலை பழி போடுற ஆள் இல்லை நான். நோர்வேயிலை ஞானேசின்ரை தமையன் இருக்கிறார், வடக்கிலை மீன் பக்ரறியிலை வேலை செய்தவர். அவரைக் கேட்டா சொல்லுறார், தங்கடை பக்கத்திலை சுடுதண்ணியிலை மணலைக் குழைச்சு றோட்டிலை போடுவினமாம். அது ஐஸோடை ஒட்டி உறைஞ்சு, அரம் மாதிரிச் சொரசொரவெண்டு இருக்குமாம். சுடுதண்ணியை ஐஸிலை ஊத்துறதாம்! மச்சான் என்னைப் பேயனாக்கப் பாக்கிறார். கலியாணத்திலையே அவருக்கு என்னைப் பிடிக்காது. மொன்றியலிலை தங்கச்சியின்ரை மகளைக் கேட்டன். அங்கை சங்கு ஊதுற மாதிரிச் சத்தம் போட்டுக் காரையெல்லாம் எடுக்கச் சொல்லி, ஸ்னோவை லொறியிலை ஏத்தி ஊருக்கு வெளியிலை கொண்டுபோய்க் கொட்டுவினமாம். சரி, அது நம்பலாம். கடைசியா வதனியின்ரை புருசன் சொல்லுறார், சில இடத்திலை உப்புத்தண்ணியோடை பீற்றூட் சாறு கலந்து றோட்டுக்கு அடிக்கினமாம். பீற்றூட்! அந்த மருமகன் என்னோடை பகிடி விடுகிற ஆள் இல்லை, அதாலைதான் எனக்கு இன்னும் சந்தேகம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை சொன்னா என்ன அர்த்தம்? எல்லாரும் எதையோ மறைக்கினம்.

சரி, இப்ப அவன்ரை கதைக்கு வாறன். பொக்டான். உக்ரேன்காரன், எண்பது வயசு கிட்ட இருக்கும், றெயில்வேயிலை வேலை செய்தவன், பெண்சாதி செத்துப்போச்சு. ஆள் கதைக்கிறது குறைவு. கதைக்காத ஆளைத்தான் கவனிக்க வேணும். நாங்கள் வந்த முதல் மார்கழி, நான் வாசல்படியிலையும் நடைபாதையிலையும் உப்புப் போட்டுக்கொண்டு நிக்கிறன். அவன் தன்ரை முத்தத்திலை நிண்டு பாக்கிறான். பாத்துத் தலையை ஆட்டுறான். பிறகு கையை மேலை காட்டுறான், வானத்தை. ‘நோ குட், நோ குட்’ எண்டுறான். என்ன, மேலை இருக்கிறவர் பாத்துக்கொள்ளுவார் எண்டு மிரட்டுறானோ? நான் இன்னும் ரெண்டு சிரட்டை கூடப் போட்டன். அவன் தன்ரை வாளியிலை இருந்து மணலை அள்ளித் தன்ரை படியிலை எறிஞ்சான், எனக்குக் காட்டுறமாதிரி. அண்டைக்கே ஞானேசுக்குச் சொன்னன், உவன் ஒருநாளைக்கு ஏதோ செய்வான் எண்டு.

இந்த வருசம் தைப்பொங்கல் முடிஞ்ச கையோடை துவங்கினது. விடிய எட்டு மணிக்கு நான் கதவைத் திறக்கிறன், என்ரை படி முழுக்க மணல். நான் முதல்நாள் பின்னேரம் உப்புப் போட்டு வைச்ச இடமெல்லாம் மணல். கூட்டித் தள்ளினன். அடுத்தநாளும் மணல். அதுக்கடுத்த நாளும். பாரும், எவ்வளவு நுணுக்கமான வேலை எண்டு. நான் விடிய ஏழிலை இருந்து எட்டு மட்டும் காதுக்குள்ளை வயரைக் கொழுவிக்கொண்டு தமிழ் நியூஸ் கேக்கிறனான். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ளைதான் மணல் விழுகுது. நான் நியூஸ் கேக்கிற நேரம் அவனுக்கு எப்பிடித் தெரியும்? வீட்டுக்குள்ளை நடக்கிறது வெளியிலை போகுது. ஞானேசைக் கேட்டன், ‘நீர் அவனோடை ஏதும் கதைக்கிறனீரோ?’ எண்டு. ‘எனக்கு என்ன இங்கிலீசோ தெரியும்’ எண்டுபோட்டு அடுப்படிக்குப் போட்டா.

காவல் இருந்தனான் பிள்ளை. ரெண்டு நாள் நியூசையும் விட்டிட்டு, முன் யன்னலுக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டு. அந்த ரெண்டு நாளும் மணல் இல்லை. அவனுக்கு மூக்கிலை வேர்த்திட்டுது. இதிலை கரைச்சல் என்னெண்டா, அந்த ரெண்டு நாளும் ஞானேசும் என்னை நிம்மதியா இருக்க விடேல்லை. ‘இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது வாங்கோ, இஞ்சருங்கோ, பைப்பு ஒழுகுது பாருங்கோ.’ பைப்பு ஒழுகேல்லை. நான் அசையேல்லை. ரெண்டாம் நாள் ஒன்பது மணிக்கு நான் வழமை போலை நடக்க வெளிக்கிட, அவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு படியாலை இறக்கிவிட்டா. எனக்கு ரத்தம் இறுகாமல் இருக்கக் குளிசை போடுறனான், விழுந்தா ரத்தம் நிக்காது எண்டு டொக்டர் சொன்னதிலை இருந்து அவவுக்கு என்ரை கால் எங்கை போகுது எண்டதுதான் யோசனை.

கால் எண்டதும் ஞாபகம் வருகுது. கால் அடையாளம். இதை வடிவா எழுதும். ஒருநாள் புது ஸ்னோ விழுந்து கிடக்கேக்கை, எங்கடை பக்கக் கதவிலை இருந்து அவன் கார் விடுற கராச் மட்டும் கால் அடையாளம் போகுது, பிறகு திரும்பி வருகுது. அளவு நாடாவாலை அளந்தனான். ஒன்பது அங்குலம். அவன் ஆறடி ஆள். ஒன்பது அங்குலக் கால் அவனுக்கு எப்பிடி வரும்? யோசிச்சன். ஞானேஸ் குப்பை கொண்டுபோன காலடியிலை தன்ரை நுனிக்காலை வைச்சு வைச்சு வந்திருக்கிறான்! றெயில்வேக்காரன், சிலிப்பர் கட்டையிலை கால் வைச்சுப் பழகினவன். நீர் சிரிக்கிறீரோ? சிரிக்கேல்லையோ? சரி.

அடுத்த சாட்சி இந்தா இருக்கு, மேசைக்குக் கீழை. தூக்கிப் பாரும். நெஸ்டமோல்ட் மா வந்த தகரப் பேணி, உள்ளுக்கு முக்கால்வாசி மணல், மேலை ஒரு சிரட்டை. இது எங்கடை கராச்சுக்குள்ளை, பழைய சப்பாத்துப் பெட்டிக்குப் பின்னாலை கிடந்தது. எங்கடை கராச்சுக்குள்ளை! எங்கடை குப்பையிலை இருந்து பேணியையும் சிரட்டையையும் பொறுக்கி, மணலை நிரப்பி, எங்கடை இடத்திலையே ஒளிச்சு வைச்சிருக்கிறான். பிடிபட்டா எங்கடை சாமான் எண்டு சொல்லத்தான். ஞானேசிட்டைக் கொண்டுபோய்க் காட்டினன். அவவின்ரை முகம் அப்பிடியே மாறிப்போச்சு. ‘விடுங்கோவன், மணல்தானே, ஆருக்கு என்ன நட்டம்’ எண்டா. பாவம், அவனுக்குப் பயந்துபோனா. நான் பேணியை எடுத்து வைச்சுக்கொண்டு, கராச்சுக்கு ஒரு ஆமைப்பூட்டும் வாங்கிப் போட்டன். திறப்பு இந்தா என்ரை பொக்கற்றுக்குள்ளை.

அதோடை ஒரு முடிவு எடுத்தன். கல் உப்புப் போட்டாத்தானே அவன் மேலை மணல் போட இடம் இருக்கு? ரொறன்ரோவிலை செய்யிறமாதிரி உப்புத்தண்ணியா அடிச்சுவிட்டா, படி கழுவின மாதிரி இருக்கும், மணல் விழுந்தா உடனை தெரியும். ஞானேஸ் வதனி வீட்டை போயிருந்த நாள். பெரிய பானையிலை தண்ணி கொதிக்க வைச்சு, உப்பைக் கொட்டிக் கொட்டிக் கரைச்சு, முட்டை மிதக்குதோ எண்டு பாத்தன். மிதந்தது. அதைவிடத் திறமான உப்புத்தண்ணி உலகத்திலை இல்லை. பின்னேரம் மூண்டரை போலை, மணல் முழுக்கக் கூட்டித் தள்ளி, ஒரு பொட்டு மணல் இல்லாமல் துடைச்சு, படியிலை இருந்து தெருக்கரை மட்டும் ஊத்தினன். ஆவி பறந்தது. ஐஸெல்லாம் கரைஞ்சு சீமெந்துத் தரை தெரிஞ்சது. அவன் யன்னலிலை நிண்டு கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினவன். கண்ணாடிக்கு அங்காலை, ஒண்டும் கேக்காது. நான் பானையைத் தூக்கிக் காட்டினன் அவனுக்கு. என்ரை உப்பு வேலை செய்யுது பார் எண்டு. இரவு ஞானேஸ் பக்கக் கதவாலை வர, அவவுக்கும் நான் வாசல் கழுவின கதையைச் சொன்னன்.

அண்டைக்கோ? அண்டைக்கு மைனஸ் இருபத்தாறு. அடுத்தநாள் விடியக் கூட இருந்திருக்கும், முப்பது கிட்ட. ஏன் கேக்கிறீர்?

விடிய நான் நியூஸ் கேட்டுக்கொண்டு இருக்கிறன். காதுக்குள்ளை வயர். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை. அவ கூப்பிட்டிருப்பா. எவ்வளவு நேரம் கூப்பிட்டாவோ. எனக்கு அது இண்டைக்கும் தாங்கேலாமல் கிடக்கு. கதவுப் பக்கத்தாலை குளிர் வர, என்னெண்டு எழும்பிப் போனா, கதவு திறந்து கிடக்கு, அவ படிக்குக் கீழை கிடக்கிறா, அவன் பக்கத்திலை முழங்காலிலை இருக்கிறான். தன்ரை கோட்டைக் கழட்டி அவவுக்கு மேலை போட்டுக்கொண்டு, வெறும் பெனியனோடை. தரை என்னெண்டா கண்ணாடி மாதிரி மினுங்குது. நான் ஒரு கால் வைக்க அதுவும் வழுக்கினது, அவன்தான் எட்டி என்ரை கையைப் பிடிச்சவன். அங்கை என்னத்துக்கு அவன் எனக்கு முதல் வந்து நிக்கிறான்? தண்ணியை ஊத்தினது ஆர்? எங்கடை வாசலிலை அந்த ஐஸ் எப்பிடி வந்தது? உப்புத்தண்ணி உறையாது. பதினெட்டு வருசத்திலை ஒரு பாத்தி உறைஞ்சு நான் கண்டதில்லை. அப்ப எனக்குப் பிறகு வந்து நல்ல தண்ணியை ஊத்தினது அவன்தானே? வேறை ஆர்?

அவ அவனைக் காட்டிக்குடுக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை நேர்ஸ் கேக்கவும், வதனி கேக்கவும் ஒரே கதைதான். ‘ஆரிலையும் பிழை இல்லை, நான்தான் படியைப் பாக்காமல் காலை வைச்சனான்.’ அம்புலன்ஸுக்குள்ளை அந்த நோவோடை என்னட்டை என்ன சொன்னவ தெரியுமோ? ‘நேற்று வாசல் கழுவின கதையை வதனியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ’ எண்டு. எனக்கு அது ஏன் எண்டு விளங்கேல்லை. தலை இடிபட்டிருக்கும் எண்டு நினைச்சன்.

என்ன கேட்டனீர்? ஏழரைக்கு அவ வெளியிலை எங்கை வெளிக்கிட்டவ எண்டோ? எனக்கெப்பிடித் தெரியும். குப்பைக்கா இருக்கும். இல்லை, அண்டைக்குக் குப்பைநாள் இல்லை. கையிலை ஏதும் வைச்சிருந்தாவோ எண்டோ? ஓம், ஒரு சட்டி. கறிச்சட்டி. பக்கத்திலை கவிண்டு கிடந்தது. வெறுஞ்சட்டி. வேலிப் பக்கம் பாத்துத்தான் விழுந்து கிடந்தவ.

ஏன் பிள்ளை எழுதுறதை நிப்பாட்டிட்டீர்?

இஞ்சை என்னைப் பாரும். பேனையை ஏன் மூடுறீர்? பொறும். ஒண்டும் சொல்லாதேயும். கொஞ்சம் பொறும்.

சட்டி எதுக்கு? பேணியை நான் எடுத்து வைச்சிட்டன். கராச்சையும் பூட்டிட்டன். பேணி இல்லாட்டிச் சட்டி. வேலிக்கு அங்காலை என்ன இருக்கு? அவன்ரை கராச், அவன்ரை மணல் வாளி. ஒன்பது அங்குலம். ஞானேசின்ரை சப்பாத்து என்ன அளவு எண்டு நான் அளக்கேல்லையே. அவன்ரை காலைத்தானே யோசிச்சுக்கொண்டிருந்தன்.

நான் நியூஸ் கேக்கிற நேரம் ஆருக்குத் தெரியும்.

ஐயோ பிள்ளை. ஒன்பது மணிக்கு அந்தப் படியாலை முதல் இறங்கிற ஆள் நான்தானே. என்ரை உப்பைக் கூட்டித் தள்ளினா நான் குதிப்பன் எண்டு, உப்புக்கு மேலை மணலைத் தூவி வைச்சிருக்கிறா. எனக்காக. ஒவ்வொரு நாளும். இங்கிலீசு தெரியாது எண்டவ, கைப்பாசையிலை அவனிட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறா. நான் என்ன செய்தன்? கூட்டித் தள்ளினன். பேணியைப் பறிச்சன். பூட்டுப் போட்டன். கடைசியா, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் ஊத்தி, கண்ணாடி மாதிரிப் பண்ணி, அதிலை அவவை நடக்க விட்டிட்டன். அந்தக் கிழவன் மேலை கையைக் காட்டினது குளிரை. யன்னலிலை நிண்டு கத்தினது ஊத்தாதே எண்டு. உப்பிலை பிழை இல்லை பிள்ளை, அதை மட்டும் நான் விடமாட்டன். ஆனையிறவிலை இந்தக் குளிர் இல்லை, அவ்வளவுதான். ஆனா ஊத்தினது நான். நான்தான்.

ஒரு நிமிசம். மூக்கைத் துடைச்சுப்போட்டு வாறன்.

சொல்லும், அவன் உமக்கு என்ன சொன்னவன்? என்னைப் பற்றி என்ன குறை சொன்னவன்? ஒண்டும் இல்லையோ? ஒரு சொல்லும் சொல்லேல்லையோ? கடுதாசி? என்ன கடுதாசி, காட்டும். இது அவன்ரை கையெழுத்தோ? இனி வாசல் பக்கம் வரமாட்டன், மணல் போடமாட்டன் எண்டு நான் கேட்ட அதே கடுதாசி. வாசிச்சுப் பாக்காமலே கையெழுத்து வைச்சவனோ? ‘லேடி கம் ஹோம்’ எண்டு மட்டும் சொன்னவனோ? செய்யாததுக்குக் கையெழுத்து வைச்சிருக்கிறான், அவ வீட்டை வரட்டும் எண்டு. பாரும் பிள்ளை, மூண்டு கிழமையா நான் அவனை என்னவெல்லாம் சொல்லி ஏசினன் எண்டு.

இதை வதனியிட்டைக் குடுத்தா வெள்ளிக்கிழமை அவ இந்தக் கதிரையிலை இருப்பா. எனக்குத் தெரியும். உமக்கும் தெரியும். அதைத்தானே நான் கேட்டது.

வேண்டாம். இந்தாரும், கிழிச்சுப்போட்டன். ரெண்டாத்தான் கிழிஞ்சது, மிச்சத்தை நீர் கிழியும். வதனிக்கு நான் இண்டைக்கே ரெலிபோன் எடுத்து உள்ளதைச் சொல்லுறன். கத்துவாள். கத்தட்டும். விடிய விடிய நானே மணல் போடுறன், போடுற விதத்தை அவன் எனக்குக் காட்டித் தருவான் எண்டு சொல்லிப் பாக்கிறன். நம்பினா நம்பட்டும். நம்பாமல் என்னை ஸ்காபரோவுக்கு அனுப்பினா, போறன். ஒரு பொய்க் கடுதாசியைக் காட்டி அவவைக் கூட்டிவந்து, பிறகு ஒவ்வொரு நாளும் அவவின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது? நீர் போகேக்கை அவனிட்டை ஒருக்கா ஏறிச் சொல்லிவிடும், பின்னேரம் நான் வருவன் எண்டு. நான் தனியப் போனா கதவைத் திறக்கப் பயப்பிடுவான்.

ஞானேசுக்கு மட்டும் ஒரு சொல்லும் போகக்கூடாது. வதனியிட்டையும் சத்தியம் வாங்குவன். எனக்குத் தெரியாமல் இருக்க வேணும் எண்டு அந்த நோவுக்குள்ளையும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தவ, நான் அறிஞ்சிட்டன் எண்டு தெரிஞ்சா அதுதான் அவவுக்குக் கூட நோகும். இண்டைக்கு அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை வழமை போலை கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்து பொக்டானை ஒரு பாட்டம் ஏசத்தான் வேணும். நாளைக்கும் ஏச வேணும். பிறகு மெல்ல மெல்லக் குறைப்பன். என்ன செய்யிறது பிள்ளை, திடீரெண்டு நிப்பாட்டினா அவவுக்குச் சந்தேகம் வந்திடும்.